பன்னிரண்டாம் மேசைக் கடிகாரம்

மே 7, செவ்வாய். கோவில்பட்டி

கல்யாண மண்டபத்தில் செஸ் போட்டி வைக்கிறவர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். இரண்டு நாள் முன்புதான் இங்கே யாருக்கோ முகூர்த்தம் முடிந்திருக்கிறது. மேடையில் பிளாஸ்டிக் பூ வளைவும் மணமக்கள் நாற்காலியும் அப்படியே நிற்கின்றன. எடுங்கள் என்றால், “அதுக்கு ஆளு நாளைக்குத்தான் வருவான் மேடம்” என்கிறார் மேனேஜர். நாளையிலிருந்து ஐந்து நாள், பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மாநிலம் முழுக்க இருந்து வந்து அந்த வளைவுக்குக் கீழே உட்கார்ந்து யோசிக்கப்போகிறார்கள். பந்தி ஹாலில் இன்னும் ரசவாசனை போகவில்லை.

மத்தியானம் முழுக்கக் கடிகாரங்களோடு மல்லுக்கட்டினேன். ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம். காயை நகர்த்திவிட்டுப் பட்டனை அமுக்கினால் ஒவ்வொரு தடவையும் முப்பது வினாடி போனஸ் ஏறும். நிமிடத்தைத் தனியாக, போனஸைத் தனியாக வைக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் இரண்டும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டியதுதான். கட்டைவிரல் காய்த்துப்போனது.

தலைமை நடுவர் சிதம்பரதாணு சார் நாகர்கோவிலிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார். “இந்தப் போட்டிக்கு என் சான்று கெடச்சா உனக்குப் பட்டம் கையில கேட்டியாம்மா” என்றார். எனக்குத் தெரியாதா என்ன. எட்டு வருடமாகப் பள்ளி லீவெல்லாம் இப்படி மண்டபம் மண்டபமாகப் போய்வருகிறேன், இந்த நடுவர் பட்டத்துக்காகத்தான். மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர், “இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் பாடு” என்கிறார். நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசா? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்தியே என் காலம் முடியவேண்டுமா?

லாட்ஜில் வெந்நீர் வரவில்லை.

மே 8, புதன்

முதல் நாளே தொண்டை கட்டிவிட்டது. பிள்ளைகள் தங்கம். பெற்றோர்கள்தான் படுத்துகிறார்கள். வாசலில் ஒரு கயிறு கட்டி, அந்தப் பக்கம் நில்லுங்கள் என்றோம். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கயிறு வயிறு வைத்தமாதிரி உள்ளே தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு அம்மா தும்முகிற சாக்கில் மகனுக்கு ஏதோ சைகை காட்டுகிறார். போய் நேரே முன்னால் நின்றேன். தும்மல் நின்றுவிட்டது.

இன்னொருவர் கயிற்றுக்கு மேலே எட்டி என்னைக் கூப்பிட்டார். வேலாயுதம் என்று பெயர். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போகவேண்டும் என்று எழுதி, விசில் ஊதி அனுப்புகிற வேலை.

“மேடம், அந்தா ரெட்டைச் சடை போட்டிருக்கால்லா, தங்கமதி, எம் பொண்ணுதான். அவளுக்கு இப்ப எவ்ளோ டைம் கெடக்கு?”

“அதெல்லாம் சொல்லக்கூடாது சார்.”

“எங்கிட்டதான சொல்லப்போறீங்க? அவகிட்ட இல்லையே.”

“யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

அவர் கோபப்படவில்லை. விதி என்றால் அவருக்குப் புரிகிறது. ஆனால் நிற்க முடியாமல் தவிக்கிறார். “நல்லா ஆடுவா மேடம். ஆனா யோசிச்சிட்டே இருப்பா. டைம் போறது அவளுக்குத் தெரியாது. போன ரெண்டு டோர்னமெண்ட்லயும் ஜெயிக்கிற ஆட்டத்த டைம்ல விட்டா. அதுக்குத்தான் வீட்ல ஒரு டைமர் வாங்கி வச்சிருக்கேன். இட்லி திங்க இவ்ளோ, குளிக்க இவ்ளோன்னு. பழகணும்லா? எங்க வேலையில ஒரு வண்டி ரெண்டு நிமிசம் பிந்திப் போச்சுன்னா பின்னால நிக்கவன் சட்டையப் பிடிக்கான்.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இந்தத் தடவையும் டைம்ல தோத்தான்னா நிப்பாட்டிருவேன்னு சொல்லிட்டேன். ஆறாங்கிளாஸ் வந்தாச்சு. படிப்பப் பாக்கட்டும். அவளால முடியலன்னா நாம என்ன செய்ய?”

பத்து வயதுப் பிள்ளை. யோசிக்கும்போது அவசரப்பட்டுக் காயைத் தொட்டுவிடக்கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறது. உதடு மட்டும் அசைகிறது. இரண்டு சுற்றிலும் நேரத்தைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்து, இரண்டிலும் ஜெயித்தது.

ஏதோ கண்ணில் பட்டதால் எழுதுகிறேன். நடுவருக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான்.

மே 9, வியாழன்

இன்று ஒரு கொடுமை. தங்கமதி குதிரையை நகர்த்தினாள், நகர்த்தலை எழுதினாள், பட்டனை அமுக்க மறந்துவிட்டாள். எதிரே இருந்த பையன் கள்ளன். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு யோசிக்கிறமாதிரி பாவனை. ஓடுவது இவள் நேரம். இவளோ அவன் ஆடுவான் என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன். சொல்லக்கூடாது. ‘நீ இன்னும் கடிகாரத்தை அமுக்கவில்லை’ என்று நடுவர் சொன்னால் அது ஆட்டத்தில் தலையிட்டதாகும். எனக்குத் தொண்டைக் கட்டு வேறு, இருமல் முட்டிக்கொண்டு வருகிறது. இந்த நேரம் பார்த்து இருமினால் ஜாடை காட்டினேன் என்பார்கள். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப்போய் இருமிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அமுக்கியிருந்தாள். அப்பாடா என்றிருந்தது. அந்த ஆட்டம் டிரா. மாலையில் மறுபடி ஜெயித்தாள். நான்கில் மூன்றரைப் புள்ளி.

“ரொம்பக் கறாரா இருக்கியேம்மா” என்றார் சிதம்பரதாணு சார். பாராட்டுதான்.

நடுவர் கோட்டைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். காலைக்குள் காயவேண்டும். இவர் மஸ்கட்டிலிருந்து ரோஜாப்பூப் படம் அனுப்பி, ‘குட் நைட்’ என்று போட்டிருக்கிறார். பதிலுக்கு நானும் ஒரு பூ அனுப்பினேன்.

மே 10, வெள்ளி. மத்தியானம்

ஐந்தாம் சுற்று முடிந்தது. பந்தி ஹாலில் சாப்பாட்டுக்கு வரிசை நீளமாக நிற்பதால் இதை இப்போதே எழுதுகிறேன்.

காலையில் ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் பன்னிரண்டாம் மேசைக் கடிகாரம் கண்ணை மூடிவிட்டது. பேட்டரி. அத்தனை பேரும் கைகுலுக்கக் காத்திருக்கிறார்கள், விருந்தினர் ஒருவர் மைக்கைப் பிடித்தபடி நிற்கிறார். ஓடினேன், மாற்றினேன், நிமிடத்தை வைத்தேன், ஓடி வந்தேன். “மின்னல்” என்றார் சிதம்பரதாணு சார்.

அந்த மேசையில்தான் தங்கமதி. எதிரே மதுரைப் பையன் பிரஜன், பன்னிரண்டு வயது, கெட்டிக்காரன். இவள் ஒரு யானை அதிகம் பிடித்துவிட்டாள். ஆனால் பழைய கதைதான். யோசித்தாள், யோசித்தாள், கடிகாரம் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசிப் பகுதியில் என்னைப் பார்த்து இரண்டு மூன்று தடவை கையைத் தூக்கினாள். கடிகாரத்தைக் காட்டினாள். பிள்ளைகள் எதற்கெல்லாமோ கையைத் தூக்குவார்கள். தண்ணீர், பென்சில், மூச்சா. நேரத்தைப் பற்றி நான் பேசக்கூடாது என்று அப்பாவுக்குச் சொன்னதுதான் மகளுக்கும். உதட்டில் விரலை வைத்து, ‘ஆடு’ என்று பலகையைக் காட்டினேன். ஆடினாள்.

முப்பத்தெட்டாவது நகர்த்தலில் நேரம் முடிந்தது. நான்தான் பார்த்தேன், நான்தான் சொன்னேன். நடுவர் பார்த்தால் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்தது. பிறகு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடிற்று.

வெளியே வேலாயுதம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “டைமா?” என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

விதி விதிதான். எனக்குச் சாப்பாடு இறங்காது போலிருக்கிறது. வெயில்.

மே 10, சாயங்காலம்

ஆறாம் சுற்றுக்குத் தங்கமதி வரவில்லை. அவளுக்கு எதிராக ஆடவேண்டிய பையன் அரை மணி நேரம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரை மணி தாண்டினால் வராதவர் தோற்றதாகக் கணக்கு. அவனுக்குப் புள்ளி கொடுத்தேன். சந்தோஷமாகக் குதித்துக்கொண்டு ஓடினான்.

பன்னிரண்டாம் மேசையில் கடிகாரம் சரியாக அமைக்கப்படவில்லை. சுற்றிவரும்போது பார்த்தேன். ஆரம்பம்தான் என்பதால் உடனே நிறுத்தி, ஆடிய நகர்த்தல்களுக்கு இருவருக்கும் நேரம் சேர்த்துக் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன். பெரிய விஷயமில்லை.

தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன்.

மே 11, சனி. காலை

நேற்று எழுதியது பாதி. மீதியையும் எழுதிவிடுகிறேன்.

அந்தக் கடிகாரத்தில் போனஸ் ஏறவே இல்லை. பேட்டரி மாற்றிய அவசரத்தில் தொண்ணூறு நிமிடத்தை மட்டும் வைத்துவிட்டு முப்பது வினாடியை வைக்க மறந்திருக்கிறேன். வேறு யாருமில்லை, நான். ஆறாம் சுற்றுப் பிள்ளைகள் மளமளவென்று ஆடியும் தொண்ணூறைத் தாண்டவில்லை என்பதால் கண்டுபிடித்து முதலிலேயே சரிசெய்துவிட்டேன். ஐந்தாம் சுற்று முழுக்க அதே கடிகாரத்தில்தான் நடந்தது. முதலில் மணியும் நிமிடமும் மட்டுமே காட்டுகிற கடிகாரம் அது, கடைசி இருபது நிமிடத்தில்தான் வினாடி தெரியும். அதனால் வெகுநேரம் யாருக்கும் தெரிந்திருக்காது.

முப்பத்தெட்டு நகர்த்தல், தலா அரை நிமிடம். தங்கமதிக்குப் பத்தொன்பது நிமிடம் பாக்கி இருந்திருக்க வேண்டும். ஒரு யானை அதிகம். பத்தொன்பது நிமிடத்தில் அவள் தாராளமாக ஜெயித்திருப்பாள். ‘நேரம் முடிந்தது’ என்று வாய் கூசாமல் சொன்னேனே! முடிந்தது அவள் நேரமா? பாவி நான்.

மே 11, மத்தியானம்

சிதம்பரதாணு சாரிடம் சொல்லிவிட்டேன். கையில் இருந்த காபியைக் கீழே வைத்தார்.

“வேற யாருக்காவது தெரியுமா?”

“இல்ல சார்.”

“ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. அந்த முடிவ வச்சு ஆறு, ஏழு ரெண்டு சுற்றும் நடந்தாச்சு. இனி என்ன ஆகப்போவுது? விட்டுரு.”

“அறிக்கையில எழுதணும் சார்.”

“எழுதினா நான் எப்படிம்மா உன் சான்றுல ஒப்பு போட? நல்லாச் செஞ்சான்னு ஒரு தாளு, கடிகாரத்தத் தப்பா வச்சான்னு ஒரு தாளு, ரெண்டும் ஒரே கவர்ல போகுமா?” அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் பயப்படுகிறார். “எட்டு வருசம்மா. யோசிச்சுப் பேசு.”

யோசித்தேன். இங்கே பொய் எழுதப்போவதில்லை, ஒரு நிமிடம் ‘சரி சார்’ என்று வாய் வரை வந்துவிட்டது. அந்தப் பிள்ளை பென்சில் பெட்டியை மூடியது ஞாபகம் வந்தது.

“அவங்க அப்பா ஆட்டத்தையே நிப்பாட்டப் போறாரு சார். புள்ளையால முடியலன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. நான் செஞ்ச தப்புக்கு அவ ஏன் சார் போகணும்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேல்முறையீட்டுக் குழுவின் மூவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

சாட்சிக்குப் பிரஜனைக் கேட்கவேண்டி வந்தது. அவன் அம்மா முறைத்துக்கொண்டு கூடவே வந்தார். அவனிடம், “தம்பி, அந்தக் கடிகாரத்துல நேரம் ஏறிச்சா?” என்றேன்.

“ஏறல மிஸ். கடைசில வினாடி தெரிஞ்சப்ப பாத்தேன். அவளும் பாத்தா. அவதான் உங்களக் கையக் காட்டிக் கூப்பிட்டால்ல? நீங்க ஆடுன்னு சொல்லிட்டீங்க. சரி, ரூல் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். ரெண்டு பேருக்கும்தான மிஸ் ஏறல?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். கடிகாரத்தை நான் தப்பாக வைத்தது ஒரு குற்றம். அவள் மூன்று தடவை கையைத் தூக்கிச் சொல்லவந்ததை வாயைப் பொத்தி உட்காரவைத்தேனே, அதுதான் பெரிய குற்றம். கறாராம் கறார்.

“அதுக்காக எம் பையன் பாயிண்ட்டத் திருப்பிக் கேப்பீங்களா?” என்றார் அவன் அம்மா. நியாயம்தானே, அவன் என்ன செய்தான்? “இல்லம்மா, உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன்.

குழுவின் தீர்ப்பு: முடிவு மாறாது. கையெழுத்தாகி, அடுத்த சுற்றுகளும் ஆடியாகிவிட்டன. தப்பு நடுவருடையது என்று அறிக்கையில் ஏறும். தங்கமதி விரும்பினால் கடைசிச் சுற்றுக்கு வந்து ஆடலாம்.

வேலாயுதத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. டியூட்டியில் இருப்பார்.

மே 11, சனி. பஸ்ஸில் திரும்பும்போது

கையெழுத்து ஆடுகிறது, போகட்டும்.

எட்டாம் சுற்று முடிந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சங்கரன்கோவில் பஸ் ஏறிவிட்டேன். “போன்ல சொன்னாப் போதாதா?” என்றார் சிதம்பரதாணு சார். போதாது.

பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸ் என்பது ஒரு கூண்டு. ஒரு மேசை, ஒரு ஃபேன், சுவரில் ஒரு பெரிய கடிகாரம். வேலாயுதம் கழுத்தில் விசிலோடு எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் தங்கமதி. அம்மா ஏதோ சாவு வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போயிருப்பதால் இங்கே கூட்டிவந்திருக்கிறார். மடியில் யாரிடமோ வாங்கிய பழைய ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவர் பதறிவிட்டார்.

“என்ன மேடம் இவ்ளோ தூரம்? சொல்லாம வந்துட்டோம்னா? அது தப்புதான், நான்...”

“தப்பு உங்க மேல இல்ல சார். என் மேல.”

சொன்னேன். பேட்டரி மாற்றியது, போனஸை வைக்க மறந்தது, அவள் கையைத் தூக்கியது, நான் ‘ஆடு’ என்று அடக்கியது, ஒன்றையும் விடவில்லை. முடிவு மாறாது என்பதையும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் கத்திச் சொல்லவேண்டியிருந்தது. மன்னிப்பைக்கூடக் கத்தித்தான் கேட்டேன்.

“எத்தன நிமிசம் மேடம் போச்சு?” என்றார்.

“பத்தொன்பது.”

“பத்தொம்பது நிமிசம்!” அவருக்கு நிமிடத்தின் கனம் தெரியும். “அதுக்குள்ள இங்கயிருந்து ரெண்டு தென்காசி வண்டி போயிரும் மேடம்.”

வெளியே புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று கூவிக்கொண்டிருந்த கண்டக்டர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, டைம் ஆச்சு, ஊதுங்க!” வேலாயுதம் திரும்பவே இல்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து பஸ்ல வரும்போதே சொன்னா மேடம். ‘எப்பா, கடிகாரத்துல ஏறவே இல்லப்பா’ன்னு. சாக்குச் சொல்லாதட்டின்னு வாய அடைச்சிட்டேன்.” தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் துண்டுக்குள்ளேயே இருந்தார்.

தங்கமதி கணக்குப் புத்தகத்தை ஸ்டூலில் வைத்தாள். என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப நான் லேட் இல்லையா மிஸ்?”

“இல்லடா கண்ணு. நீ லேட்டே இல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வரட்டும். எட்டு வருடத்தில் நான் எத்தனை ஆட்டத்துக்குத் தீர்ப்பு சொல்லியிருப்பேன்! இந்த ஒன்றை நான் சொல்ல வந்திருக்காவிட்டால் அந்தப் பிள்ளை கல்யாணமாகிப் பேரன் எடுக்கிற வரைக்கும் தான் மந்தம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

வெளியே இரண்டு பஸ்கள் ஹாரனை அமுக்கிப்பிடித்தன. “யோவ் அண்ணாச்சி!” என்று யாரோ கத்தினார்கள். அவர் சாவகாசமாக விசிலை எடுத்து ஊதினார்.

நாளைக் கடைசிச் சுற்றுக்கு வரலாம் என்றேன். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “அவ என்ன சொல்லுதான்னு பாக்கேன்” என்றார்.

மே 12, ஞாயிறு

காலை. வந்துவிட்டார்கள். முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறார்கள். கடைசி மேசை கிடைத்தது. கடிகாரத்தை நான் வைத்தேன், சிதம்பரதாணு சார் ஒரு தடவை சரிபார்த்தார், நான் மறுபடி பார்த்தேன்.

மே 12, இரவுச் சாப்பாட்டுக்கு முன்

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். தங்கமதி டிரா. பரிசு எதுவும் இல்லை. எனக்கும் சான்று இல்லை. “அடுத்த வருசம் பாப்போம் கேட்டியாம்மா, நான் இருக்கேன்” என்றார் சிதம்பரதாணு சார். வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். மஸ்கட்டுக்குப் போன் செய்து இவரிடம் சொன்னேன். ‘இந்த வயசுல எதுக்கு’ என்பார் என்று எதிர்பார்த்தேன். “நீ சொன்னதுதான் சரி சௌந்தரி” என்றார். 

மற்றது இது. மத்தியானத்துக்குள் எல்லா ஆட்டமும் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. தங்கமதியும் ஒரு சேலத்துப் பையனும் மட்டும் அத்தனை பெரிய மண்டபத்தில் கடைசி மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் கோப்பைகளை அடுக்கியாகிவிட்டது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், அவருக்கு அடுத்த ஊரில் இன்னொரு விழா இருக்கிறதாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர், பசி, புழுக்கம். தங்கமதியின் முறை. யோசிக்கிறாள்.

அமைப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தார். “மேடம், அந்தப் பாப்பாவக் கொஞ்சம் சீக்கிரம் ஆடச் சொல்லுங்களேன். கெஸ்ட் வெயிட் பண்றாரு.”

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் என்னை விட்டுவிட்டுக் கயிற்றோரம் நின்ற வேலாயுதத்தைப் பிடித்துக்கொண்டார். “சார், நீங்கதான அவங்க அப்பா? உங்க பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சைகை காட்டுங்க சார். எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காங்க.”

வேலாயுதம் நின்ற இடத்திலிருந்து கடிகாரம் தெரியாது. என்னிடமும் கேட்கவில்லை.

“அவளுக்கு டைம் இருக்கு சார்” என்றார். “யோசிக்கட்டும்.”

அமைப்பாளர் மேடையைப் பார்த்தார். மேடை எங்களைப் பார்த்தது. சிதம்பரதாணு சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சால்வையைக் கையில் வைத்திருந்தவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மைக்கை அணைத்தார்கள். விருந்தினர், அமைப்பாளர், பிரஜன், அவன் அம்மா, முந்நூறு பேர், நான், எல்லோரும் தங்கமதிக்காகக் காத்திருந்தோம்.